கேஷுவாலிட்டியில் திட்டாமல் சொல்லிக்கொடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் முடித்து, ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பி.ஜி.க்களுக்கு, அதாவது மேற்படிப்பு படிக்கும் மருத்துவர்களுக்கு, ஃபீட்பேக் கொடுக்க ஒரு பயிற்சி வகுப்பில் 'சாண்ட்விச்' முறை சொல்லிக்கொடுத்தார்கள், கேஷுவாலிட்டியில் அதற்கு நேரமே இல்லை, வேறு முறை உண்டா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் மனது கடைசி வரிகளில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: "எங்கள் சீனியர்கள் திட்டித்தான் எங்களை வளர்த்தார்கள், நாங்கள் நன்றாகத்தானே வந்தோம்? திட்டாமல் சொன்னால் இவர்களுக்கு உறைக்கவே மாட்டேன் என்கிறது. இரண்டாம் வருட பி.ஜி. ஒருவர் என்ன சொன்னாலும் 'ஓகே சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்." ஆக, முறையைவிடப் பெரிய கேள்வி, திட்டாமல் சொன்னால் மண்டையில் ஏறுமா என்பதுதான். அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நான் மயக்கவியல் படித்துவிட்டு கேஷுவாலிட்டிக்கு வந்தவள். பதினேழு வருடமாக இங்கேதான் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் பி.ஜி.க்களோடு. அமெரிக்காவில் சின்சினாட்டியில் 1970-இலேயே அவசர மருத்துவத்துக்கென்று தனிப் பயிற்சி தொடங்கிவிட்டது. நம் நாட்டில் மருத்துவக் கவுன்சில் இதைத் தனித்துறையாக ஏற்றது 2009-இல்தான். அதற்கு முன்னால் கேஷுவாலிட்டி என்பது யாராவது முறை வைத்துப் பார்க்கிற இடம். கூடவே நின்று பார்த்து, "இதை இப்படிச் செய்" என்று சொல்ல அங்கே ஆள் இருந்ததில்லை. தப்பு நடந்த பிறகு தகவல் மேலே போகும், மேலேயிருந்து திட்டு வரும். நம் சீனியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாரும் கூட நின்று சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்கியதைத்தான் கொடுத்தார்கள்.

திட்டினால் உறைக்குமா என்றால், உறைக்கும். அதை மறுத்தால் நான் பொய் சொல்கிறேன் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் என்ன உறைக்கிறது என்று பார்க்க வேண்டும். சுமார் பத்து வருடத்துக்கு முன்பு, ஒரு இரவு டூட்டியில் சி.ஆர்.ஆர்.ஐ. (பயிற்சி மருத்துவர்) பெண் ஒருத்தி ரத்தம் எடுத்த குழாயில் பெயர் ஒட்டாமல் லேபுக்கு அனுப்பிவிட்டாள். நோயாளியின் சொந்தக்காரர்கள், சிஸ்டர்கள் எல்லோரும் நிற்கும்போது அவளை ஐந்து நிமிடம் நிற்க வைத்துத் திட்டினேன். அதே இரவு மூன்று மணிக்கு லேபிலிருந்து போன். டயாலிசிஸ் நோயாளி ஒருவருக்குப் பொட்டாசியம் 7.2, இதயமே நின்றுபோகக்கூடிய அளவு. அவள் அதை கேஸ் ஷீட்டில் அழகாக எழுதிவைத்துவிட்டு, நானாக அந்தப் பக்கம் வருவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் வந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. இ.சி.ஜி.யில் டி அலைகள் கூடாரம் போல எழும்பி நின்றன. கால்சியம் குளுக்கோனேட் போட்டு, இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்து, டயாலிசிஸுக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார். "ஏம்மா என்னைக் கூப்பிடலை?" என்று கேட்டேன். "மறுபடி திட்டுவீங்களோன்னு பயமா இருந்துச்சு மேடம்" என்றாள். அதற்கப்புறம் அவள் ஒரு குழாயில்கூடப் பெயர் ஒட்டாமல் விட்டதில்லை, அதுவும் உண்மை. ஒரு லேபிளுக்காக நான் அவளிடமிருந்து பறித்தது, சந்தேகம் வந்தால் கூப்பிடும் பழக்கத்தை. கேஷுவாலிட்டியில் அதைவிட மதிப்பான பழக்கம் வேறு எதுவும் கிடையாது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. க்ளூகர், டினிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996-இல், ஃபீட்பேக் பற்றிப் பல துறைகளில் நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஃபீட்பேக் வேலையை மேம்படுத்துகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஆய்வுகளில் ஃபீட்பேக் கொடுத்த பிறகு வேலை இன்னும் மோசமாகியிருந்தது. அவர்கள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது: கவனம் செய்த வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் மேல் போகும்போது ஃபீட்பேக் பலன் இழக்கிறது. "டோஸ் குறைவு, ஐந்து நிமிடத்தில் இரண்டு மடங்காக்கு" என்றால் கவனம் கொடுக்கிற மருந்தின் மேல், பூச்சிமருந்து விஷத்துக்குப் போடும் அட்ரோபின் மேல், இருக்கும். "உனக்கெல்லாம் யாரு சீட் கொடுத்தா" என்றால், அடுத்த அரை மணி நேரத்துக்கு அந்தப் பிள்ளையின் மனதில் அட்ரோபினே இருக்காது.

இஸ்ரேலில் ரிஸ்கினும் அவருடைய சகாக்களும் 2015-இல் வெளியிட்ட சோதனையை நான் எல்லாப் புது ஆசிரியர்களுக்கும் சொல்வது வழக்கம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் 24 குழுக்களுக்குப் பொம்மைக் குழந்தையை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிக் குழுக்களிடம், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஒருவர் அவர்கள் நாட்டு மருத்துவத்தின் தரத்தைக் குறைத்துப் பேசினார். கத்தவில்லை, யாரையும் பெயர் சொல்லி ஏசவில்லை. அவ்வளவுக்கே, நோயைக் கண்டுபிடித்ததிலும் செய்முறைகளிலும் குழுக்களுக்கு இடையே தெரிந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் அந்த மரியாதைக் குறைவால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதுதான் காரணம். பொட்டாசியத்தை எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்த அந்தப் பெண்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தாள்.

சரி, அப்படியானால் சாண்ட்விச்சா? ஒரு பாராட்டு, நடுவில் குறை, மறுபடி ஒரு பாராட்டு. இதை மருத்துவ மாணவர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் (பார்க்ஸும் குழுவும், 2013). தங்கள் வேலை மேம்பட்டது என்று மாணவர்கள் நம்பினார்கள், வேலையில் மாற்றம் தெரியவில்லை. 2006-இல் போலரும் சகாக்களும் இன்னொன்று செய்தார்கள். மாணவர்களுக்கு அறுவை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்து, ஒரு பாதிக்கு 'பிரமாதம்' என்று பாராட்டு மட்டும், மறு பாதிக்கு எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்று திருத்தம். திருத்தம் வாங்கியவர்கள்தான் நன்றாக முடிச்சுப் போட்டார்கள். பாராட்டு வாங்கியவர்களுக்குத்தான் திருப்தி அதிகம். மாணவர்கள் நிரப்பித் தருகிற மதிப்பீட்டுப் படிவத்தை வைத்து நல்ல ஆசிரியர் யார் என்று முடிவு கட்டுகிற கல்லூரிகள் இதை யோசிக்க வேண்டும்.

ஆக, திட்டும் வேண்டாம், தேன் தடவியும் வேண்டாம். வேறு என்ன? என்னைப் பொறுத்தவரை, எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது விஷயம். எதைப் பார்த்தீர்கள் என்பதுதான் முதல் விஷயம். ஜாக் எண்டே என்ற அமெரிக்க மருத்துவர் 1983-இல் எழுதிய கட்டுரை இன்றுவரை இந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் போகிற இடம். ஃபீட்பேக் நேரில் கண்டதன் மேல் நிற்க வேண்டும், செய்த செயலைப் பற்றி இருக்க வேண்டும், அளவாக இருக்க வேண்டும் என்றார். நாம் நம் பி.ஜி.க்களை எவ்வளவு நேரம் நேரில் பார்க்கிறோம்? கேஸ் ஷீட்டைப் பார்க்கிறோம், ரிப்போர்ட்டைப் பார்க்கிறோம், அவர்கள் வந்து ஒப்பிப்பதைக் கேட்கிறோம். கட்டிலருகே அவர்கள் என்ன செய்தார்கள் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் 'இன்னும் படிக்கணும்', 'கான்ஃபிடன்ஸ் பத்தலை' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

என் பி.ஜி. ஒருத்திக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது கைவரவேயில்லை. மூன்று பேர் அவளைப் பற்றி மதிப்பீட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: கான்ஃபிடன்ஸ் பத்தலை. ஒரு நாள் பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்த ஒருவருக்கு அவள் ட்யூப் போடும்போது கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றுகொண்டேன். கையில் எதுவும் எடுக்கவில்லை. பார்த்தால், கட்டில் அவள் தொடை உயரத்தில் கிடக்கிறது. முதுகை வளைத்து, முகத்தை நோயாளியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். நோயாளியின் தலைக்குக் கீழே ஒன்றும் இல்லை, தட்டையாகக் கிடக்கிறது. அந்த நிலையில் நான் போட்டாலும் குரல்வளை தெரியாது. "நிறுத்தும்மா, ஆம்பு பிடி" என்றேன், கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கிற பையை. சிஸ்டர் இரண்டு போர்வையை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தார்கள், காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை. நோயாளியின் முகம் அவள் மேல்வயிற்று உயரத்துக்கு வரும்படி கட்டிலை ஏற்றினோம். அடுத்த முயற்சியில் ட்யூப் உள்ளே போனது. வெளியே வந்ததும் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "லாரிங்கோஸ்கோப்பைத் தொடறதுக்கு முன்னாடி கட்டிலையும் தலையணையையும் தொடு." (லாரிங்கோஸ்கோப் என்பது குரல்வளையைப் பார்க்கிற கருவி.) அவளுக்குக் குறைவாக இருந்தது கான்ஃபிடன்ஸ் இல்லை, கட்டிலின் உயரம். அதை ஒன்றரை வருடமாக யாரும் பார்க்கவில்லை. (கழுத்தில் அடிபட்டவருக்குத் தலையைத் தூக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், இங்கே படிக்கிற மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.)

'கான்ஃபிடன்ஸ் பத்தலை' என்பதைப் பெண் பி.ஜி.க்களுக்கு நாம் எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறோம் என்பதையும் உங்கள் துறை மதிப்பீடுகளை எடுத்து ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவில் எட்டு மருத்துவமனைகளின் அவசர மருத்துவ பி.ஜி.க்களைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், நேரடியாகப் பார்த்துப் போட்ட 33,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அலசினார்கள். முதல் ஆண்டில் ஆண்களும் பெண்களும் கிட்டத்தட்டச் சமம். படிப்பு முடியும்போது எல்லாத் திறன்களிலும் ஆண்களுக்கே மதிப்பெண் கூடுதல். திறமை உண்மையிலேயே பிரிந்ததா, பார்க்கிற கண் பிரித்ததா என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பார்ப்பது ஒன்று. அடுத்தது கேட்பது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கட்டுவிரியன் கடி. மழைக்காலம், விடியற்காலை ஐந்து மணி. பத்தொன்பது வயதுப் பையன், வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி. முதல் வருட பி.ஜி. பார்த்தான். வயிற்று அமிலத்துக்குப் பான்டபிரசோலும் வாந்திக்கு ஊசியும் போட்டு, கேஸ்டிரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) என்று எழுதி, ஏழு மணிக்கு வார்டுக்கு அனுப்பிவிட்டு டூட்டி முடித்துப் போய்விட்டான். ஒன்பதரை மணிக்கு வார்டில் பையனுக்கு இமை இறங்க ஆரம்பித்தது. பத்தரைக்கு வென்டிலேட்டர். எட்டு நாள் அதில் இருந்துவிட்டுப் பிழைத்தான். எனக்கு இது தெரிந்ததே மூன்றாம் நாள், ஐ.சி.யூ.வில் இருக்கும் தோழி பேச்சுவாக்கில் சொன்னபோது.

அந்த பி.ஜி.யைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது என் நாக்கு நுனியில் தயாராக இருந்த வாக்கியம், "மழைக்காலம், விடியற்காலை, வயிற்றுவலி, பாம்புன்னு உனக்குத் தோணவே இல்லையா?" நல்லவேளையாக அதைச் சொல்லவில்லை. "அந்தப் பையனைப் பார்க்கும்போது உன் மனசுல என்ன ஓடுச்சு, முதல்லேர்ந்து சொல்லுப்பா" என்றேன். அவன் சொன்னான்: "பூச்சி ஏதாவது கடிச்சுதான்னு கேட்டேன் மேடம், இல்லைன்னான். டார்ச் அடிச்சுக் கை கால் முழுக்கப் பார்த்தேன், பல் தடம் இல்லை. இருபது நிமிஷ ரத்தப் பரிசோதனையும் வெச்சேன், உறைஞ்சுது. அதனால பாம்பு இல்லைன்னு விட்டுட்டேன்."

பாருங்கள், அவனுக்குத் தோன்றியிருக்கிறது. என் மற்ற பி.ஜி.க்கள் பலர் போகாத தூரம் போயிருக்கிறான். தவறு வேறு இடத்தில் இருந்தது. கட்டுவிரியனின் பல் தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், தூக்கத்தில் கடி வாங்கியது தெரியாமலும் போகலாம். அதன் விஷம் நரம்பைத் தாக்குவது. ரத்தம் வழக்கம்போல உறையும். ரத்தம் உறையாமல் போவது கண்ணாடி விரியன் போன்ற உண்மையான விரியன் வகைகளுக்கு. பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் அந்த வகை இல்லை. அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "பூச்சி கடிச்சுதா" இல்லை, "ராத்திரி எங்கே படுத்தே, தரையிலா கட்டிலிலா". செய்திருக்க வேண்டியது, டூட்டி மாறுவதற்கு முன் ஒருமுறை இமையையும், தலையைத் தூக்கச் சொல்லிக் கழுத்தையும், ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்பதையும் பார்ப்பது. நான் நினைத்திருந்தபடி திட்டியிருந்தால், அவன் தலையைக் குனிந்து "சாரி மேடம்" என்றிருப்பான். அடுத்த பாம்புக்கடிக்கும் அதே பரிசோதனையை நம்பியிருப்பான். இன்னொன்றும் தெரிந்தது: அந்த இருபது நிமிடப் பரிசோதனையைப் 'பாம்புக்கடி டெஸ்ட்' என்று பொதுவாகச் சொல்லிக்கொடுத்தது எங்கள் துறையின் சொந்த வகுப்புதான். அந்த வாரமே அந்த வகுப்பை மாற்றினோம்.

இங்கே நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த 'மூன்றாம் நாள்'. ஒரு தோழி பேச்சுவாக்கில் சொல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது, அவனுக்கும் தெரிந்திருக்காது. கேஸ்டிரைட்டிஸைச் சரியாகப் பார்த்து அனுப்பினோம் என்றே அவன் நம்பியிருப்பான். கனடாவின் அவசர மருத்துவர் பாட் க்ராஸ்கெரி 2000-இல் இதைப் பற்றித்தான் எழுதினார். நம் துறையின் பெரிய குறை, நோயாளி நம் கையை விட்டுப் போனதும் முடிவு நமக்குத் தெரியாமல் போவது, அது தெரியாதவரை நம் கணிப்பு சரியா தவறா என்று அளக்கவே முடியாது என்றார். வார்டு மருத்துவர் மறுநாள் காலை ரவுண்ட்ஸில் தன் கணிப்பு பலித்ததா என்று பார்த்துவிடுகிறார். நமக்கு அந்த மறுநாள் காலை இல்லை. உங்களுக்கு நேரம் இருப்பது ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் என்றால், இதைச் செய்யுங்கள். எங்கள் துறையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு பி.ஜி.யும் ஒவ்வொரு டூட்டியிலும் மனதுக்கு உறுத்தலாக இருக்கிற இரண்டு கேஸின் ஐ.பி. எண்ணையும் (உள்நோயாளி எண்) தன் கணிப்பையும் எழுத வேண்டும். வியாழக்கிழமை மதியம் அவர்களே வார்டுக்குப் போய் முடிவைப் பார்த்து, பக்கத்தில் எழுத வேண்டும். யாரும் மதிப்பெண் போடுவதில்லை. சரியாகப் போனதும் அதில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு பி.ஜி.யின் முகம் மலர்வதைப் பார்த்தால், பாராட்டு என்று தனியாக ஒன்று தேவைப்படாது. இதை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் செய்யாதீர்கள், அது நோயாளியின் அந்தரங்கம்.

அப்புறம் நேரம். நீங்கள் சொல்வது உண்மைதான். அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் மூன்று மணி நேரத்தில் சராசரியாக 31 தடவை குறுக்கிடப்பட்டார். நம் ரெட் ஜோனில், உயிருக்கு ஆபத்தான கேஸ்கள் வரும் பகுதியில், திங்கட்கிழமை காலை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் நான் எல்லோருக்கும் எல்லாமும் சொல்ல முயல்வதை விட்டுவிட்டேன். ஒரு டூட்டிக்கு ஒரு ஆள், அவருக்கு ஒரு விஷயம். டூட்டி ஆரம்பிக்கும்போது, "இன்னிக்கு உன்கிட்ட நான் எதைக் கவனிக்கணும்?" என்று கேட்பேன். அவர்கள் கேட்டதைப் பற்றிச் சொல்லும்போது அது திட்டாகக் கேட்பதில்லை. சொல்லும்போது, "இது ஃபீட்பேக்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் பேச்சோடு பேச்சாகப் போய்விடும், வருடக் கடைசியில் "எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை" என்பார்கள். முடிந்தால் அதே டூட்டியில் இன்னொரு தடவை செய்ய வைப்பேன். இரண்டாவது வாய்ப்பு இல்லாத ஃபீட்பேக் பாதிதான் வேலை செய்கிறது.

கேஸ் ஒப்பிக்கும்போது பயன்படுகிற ஒன்று, 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் எழுதிய ஐந்து படி முறை. 'ஒரு நிமிட ஆசிரியர்' என்கிற பொருளில் அழைக்கிறார்கள். பி.ஜி. வந்து, "ஐம்பத்தெட்டு வயசு அம்மா, சுகர் இருக்கு, நேத்து ராத்திரியிலேர்ந்து நெஞ்சு கரிக்குது, வேர்க்குது" என்கிறான். நாம் உடனே "இ.சி.ஜி. எடு, ட்ரோபோனின் அனுப்பு" என்று அடுக்கிவிடுவோம். அதற்குப் பதிலாக "நீ என்னன்னு நினைக்கிறே?" என்று அவனை ஒரு முடிவுக்கு வரச் சொல்ல வேண்டும். "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று காரணம் கேட்க வேண்டும். பிறகு பொதுவான ஒரு பாடம்: சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகவே வர வேண்டும் என்பதில்லை. பிறகு எது சரி: "வேர்வையைக் கேட்டுக் குறிச்சே, அதுதான் முக்கியமான தடயம்." கடைசியாக எது விட்டுப்போனது: "வந்து பத்து நிமிஷத்துக்குள்ள இ.சி.ஜி. எடுத்திருக்கணும், நீ இருபத்தஞ்சாவது நிமிஷத்துல எடுத்திருக்கே." உண்மையில் ஒன்றரை இரண்டு நிமிடம் ஆகும். எப்படியும் அந்தக் கேஸை நீங்கள் கேட்டாகத்தான் வேண்டும், அதனால் கூடுதல் நேரம் என்று பார்த்தால் சில விநாடிகள்தான்.

நின்றுபோன இதயத்தை நெஞ்சை அழுத்தி மீட்கிற சி.பி.ஆர். ஒன்று முடிந்ததும் எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதற்கு முன் மூன்று நிமிடம், கட்டிலிலிருந்து தள்ளி நின்று பேசுவது நாங்கள் வழக்கமாக்கியது. முதலில் சிஸ்டரைப் பேசச் சொல்வேன். நேரம் குறித்தவர் அவர்தான், எங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும். நெஞ்சை அழுத்தியது நிமிடத்துக்கு 100-இலிருந்து 120 தடவை வரை இருந்ததா, இடையில் கையை எடுத்த நேரம் பத்து விநாடிக்கு மேல் போனதா, ஆளை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினோமா. சிகாகோவில் 2008-இல் வெளியான ஆய்வில், நடந்த சி.பி.ஆர்.களின் பதிவை வைத்துக்கொண்டு வாராவாரம் உட்கார்ந்து பேசியபோது, இதயத் துடிப்பு திரும்பியவர்கள் 45 சதவீதத்திலிருந்து 59 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆனால் உயிரோடு வீடு திரும்பியவர்களின் எண்ணிக்கையில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அதனால் இதைச் செய்தால் உயிர் காப்பாற்றலாம் என்று நான் உங்களிடம் உறுதி சொல்ல மாட்டேன். அடுத்த சி.பி.ஆர். நன்றாக நடக்கும் என்பது வரைக்கும் உறுதி சொல்லலாம்.

அதே எச்சரிக்கையோடு இன்னும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். மேலே நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டில் நடந்தவை. அங்கே பல இடங்களில் பி.ஜி. ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். நம் பிள்ளைகள் "சார்", "மேடம்" என்று எழுந்து நிற்கிறார்கள். "உன் மனசுல என்ன ஓடுச்சு?" என்று நாம் கேட்டால் அது விசாரணைக் கமிஷன் போலத் தோன்ற வாய்ப்பு அதிகம். முதல் மூன்று நான்கு தடவை பதிலே வராது. நல்லபடியாக நடந்த கேஸிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பழக்கினால்தான் பயம் போகிறது என்பது என் அனுபவம். நான் வேலை பார்த்ததெல்லாம் பி.ஜி.க்கள் நிறைய இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில். இரவில் ஒரே ஒரு மருத்துவர் இருக்கும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு நான் சொன்னதில் நோட்டு மட்டும்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

குரல் உயர்த்தவே கூடாதா என்றால், உயர்த்தலாம். ஷாக் கொடுக்கும்போது யாராவது கட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தால் "கையை எடு!" என்று கத்தத்தான் வேண்டும். அது ஆபத்தைத் தடுப்பது, ஃபீட்பேக் கணக்கில் வராது. பிறகு அமைதியான பின், ஏன் கத்தினேன் என்று சொல்லிவிடுங்கள். பார்க்காத பி.பி.யைப் பார்த்ததாக கேஸ் ஷீட்டில் எழுதுவதும் வேறு விஷயம். அதற்கு ஃபீட்பேக் போதாது, துறைத் தலைவரிடம் போக வேண்டும்.

கடைசியாக உங்கள் 'ஓகே சார்' பி.ஜி. அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நான் பார்த்த 'ஓகே மேடம்'களில் அலட்சியம் குறைவு. சிலர் சீக்கிரம் முடியட்டும் என்று அடி தாங்குகிறவர்கள். சிலருக்கு நாம் சொன்னது புரிந்திருக்காது, கேட்கக் கூச்சம். சிலர் தொடர்ந்து இரவு டூட்டி பார்த்துத் தூங்காமல் இருப்பவர்கள். எனவே இந்த வாரம் அவரிடம் எந்தக் குறையும் சொல்லாதீர்கள். டூட்டி முடிந்ததும் கேண்டீனில் ஒரு டீ வாங்கிக்கொடுத்து, "என்கூட டூட்டி பார்க்கிறது எப்படி இருக்கு? நான் எதை மாத்திக்கணும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, அடுத்த வாரமும் கேளுங்கள். ஏதாவது ஒன்று சொன்னால், சின்ன விஷயமாக இருந்தாலும், அதை மாற்றிக் காட்டுங்கள். பேச்சில் தூக்கமின்மை, சாப்பிடாமல் இருப்பது, "எதுக்கு இந்தக் கோர்ஸ்ல சேர்ந்தேன்னு தெரியலை சார்" மாதிரி ஏதாவது வந்தால், ஃபீட்பேக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவருடைய டூட்டி அட்டவணையை முதலில் பாருங்கள். மனநலத் துறையில் நம்பிக்கையான ஒருவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே பேச விரும்பினால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அப்படி ஒன்றும் இல்லை என்றால், அடுத்த வாரம் அவர் கேஸ் பார்க்கும்போது கட்டிலின் கால்மாட்டில் இரண்டு நிமிடம் போய் நில்லுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று முடிந்தால் இங்கே எழுதுங்கள், சேர்ந்து யோசிக்கலாம்.